ஏழாம் கட்டிலின் ஸ்பானிஷ்

என் ஸ்பானிஷ் சுத்தமான ஸ்பானிஷ். இதை நான் யார் யாரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால் பட்டியல் நீளும். மலேசியாவில், செந்தூல் ரயில்வே குடியிருப்பில் பிறந்த ஒரு பெண் உபகாரச் சம்பளத்தில் ஸ்பெயின் வரைக்கும் போய், வய்யதோலித் என்ற ஊரில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தால் வாய் சும்மா இருக்குமா? ஸ்பெயினிலேயே எங்கள் ஊர்ப் பேச்சுதான் அப்பழுக்கில்லாதது என்று நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா சொன்னார். அதை அப்படியே விழுங்கிக்கொண்டு வந்து, பதினான்கு வருஷமாகப் பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தேன்.

என் பெயர் நடாலி. மொழிபெயர்ப்புதான் பிழைப்பு. துணி துவைக்கும் இயந்திரத்தின் கையேடு, கப்பல் கம்பெனி ஒப்பந்தம், எப்போதாவது ஒரு கல்யாணச் சான்றிதழ். இதில் எதுவும் என் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அதனால்தானோ என்னவோ, கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது எனக்குக் கொஞ்சம் குஷியாகவே இருந்தது.

துறைமுகத்துப் பக்கம் மோட்டார் சைக்கிள் மோதித் தூக்கி எறிந்த ஒரு மனிதரைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். ஐம்பது வயது இருக்கலாம். கறுத்த, குட்டையான, வலுவான உடம்பு. கையில் போனும் இல்லை, பர்ஸும் இல்லை. போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்தது, ஒன்றும் அகப்படவில்லை. கண் விழித்த பிறகு அவருக்குத் தன் பெயரே நினைவில் இல்லை. பேசுவது ஸ்பானிஷ் என்று கண்டுபிடித்ததே விடிய விடிய ஸ்பெயின் காற்பந்து பார்க்கிற ஒரு காவலாளிதான். பலகையில் 'பெயர் தெரியாதவர்' என்று எழுதியிருந்தது. வார்டில் எல்லாருக்கும் அவர் ஏழாம் கட்டில்.

வியாழக்கிழமை நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் அப்பழுக்கில்லாத ஸ்பானிஷில் பெயர் என்ன, எந்த நாடு, யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். ஏதோ சொன்னார். சொற்களின் வாலையெல்லாம் கடித்து விழுங்கிக்கொண்டு பேசினார். பாதி புரிந்தது, மீதி புரியவில்லை. நான் மறுபடி மெதுவாக, சத்தமாக, செவிடரிடம் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் வாசல் பக்கம் திரும்பி, "ஞாஞா! ஞாஞா!" என்று கத்தினார். இன்னொரு தரம் கேட்டேன். இன்னொரு தரம் ஞாஞா. இருபது நிமிஷம் இப்படியே ஓடியது.

"என்ன மிஸ் சொல்றாரு?" என்று கேட்டாள் புனிதா. அந்த வார்டு நர்ஸ்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், சும்மா ஒளர்றாரு" என்றேன்.

படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதவும் செய்தேன். பேச்சில் தொடர்பில்லை, பொருளற்ற ஒலிகளைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறார் என்று. கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டேன். மத்தியான ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

திங்கட்கிழமை அந்த வார்டு டாக்டர் கமலநாதன் மறுபடி கூப்பிட்டார். வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். "மூளையில ரத்தம் கட்டியிருக்கு, மிஸ் நடாலி. வெள்ளிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஓப்பரேஷன். செய்யாம விட்டா ஆள் தங்க மாட்டாரு. ஆனா கட்டி இருக்கிற எடம் மோசமான எடம். எடுத்த பிறகு பேச்சு இருக்கும்னு நான் கியாரண்டி குடுக்க முடியாது. அதுக்குள்ள சொந்தக்காரங்க யாரையாவது கண்டுபிடிச்சிட்டா, பேச வேண்டியத பேசிக்கட்டும்லா."

"ஆனா அவருதான் ஒளர்றாரே, டாக்டர்?"

"அதான் உங்க ரிப்போர்ட்லயே இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் போய்ப் பழையபடி உட்கார்ந்தேன். பழையபடி ஞாஞா. தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்போது எட்டாம் கட்டிலிலிருந்து ஒரு குரல்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

முகமது யூசுப். ராமநாதபுரத்துப் பையன், இருபத்தாறு வயது, வேலை பெர்மிட்டில் வந்தவன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். கிள்ளானில் ஒரு விருந்துக்குச் சமைக்க வந்த இடத்தில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு ஒரு வாரமாகப் படுத்திருந்தான்.

"சொல்லு" என்றேன், சிடுசிடுவென்று.

"அவரு பெனாத்தலக்கா. ஆளக் கூப்புடுறாரு. நான் ஒரு வாரமா பக்கத்துலயே கெடந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? டாக்டரு வந்தா சொல்ல மாட்டாரு. ஆம்பளக் கொரலு கேட்டா சொல்ல மாட்டாரு. வராண்டாவுல பொம்பளக் கொரலு கேட்டா மட்டுந்தான் எந்திரிக்கப் பாத்துக்கிட்டு கத்துவாரு. வேற பொம்பளன்னு தெரிஞ்சதும் மொகம் செத்துப் போயிரும். அன்னைக்கி நீங்க வந்தப்பவும் அப்புடித்தான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அப்படி ஒரு வார்த்தையே ஸ்பானிஷ்ல கெடையாதுப்பா."

யூசுப் சிரித்தான். "நான் இந்த நாட்டுக்கு வந்த மறுநாளு மொதலாளி என்னையப் பாத்து, 'தம்பி, சடக்குல லோரி நிக்குது, மங்கெல்லாம் எறக்கு'ன்னாரு. எனக்கு ஒரு எழவும் வெளங்கல. பேந்தப் பேந்த முழிச்சேன். அவரு அடுத்த ஆளுகிட்ட, 'இவனுக்குக் காது கேக்காது போல'ன்னுட்டாரு. காது நல்லாத்தாங்க்கா கேட்டுச்சு. ரோட்டத்தான் சடக்குங்கிறாங்க, கிண்ணத்தத்தான் மங்குங்கிறாங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

மூன்று வருஷத்துக்கு முன்பு சென்னையில் ஒரு கல்யாண வீட்டில், "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று நான் மரியாதையாகக் கேட்க, ஒரு கூட்டமே சிரித்தது. என்னம்மா தமிழ் இது என்று ஒரு பெரிய மனுஷி கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்பதை நாங்கள் அப்படித்தான் கேட்போம், எங்கள் வீட்டில் விடிந்ததும் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். அந்தச் சிரிப்புக்காக அந்தக் குடும்பத்தோடு இன்றுவரை நான் சரியாகப் பேசுவதில்லை. அப்படிப்பட்ட ரோஷக்காரி, ஏழாம் கட்டிலுக்கு என்ன செய்திருக்கிறேன்?

போனை எடுத்து அகராதியில் தேடினேன். நாலு நொடி வேலை, அதை நாலு நாள் செய்யவில்லை. 'ஞாஞா: தென்னமெரிக்காவின் மேற்குப் பக்கத்து நாடுகள் சிலவற்றில், உடன்பிறந்தவள்.'

அந்த மனிதர் நாலு நாளாகத் தன் கூடப்பிறந்தவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் அதைப் பொருளற்ற ஒலி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். புனிதாவிடம் ஓடிப்போய்க் கோப்பை வாங்கி, எழுதியதைக் குறுக்கே அடித்து, 'சகோதரியை அழைக்கிறார்' என்று எழுதினேன். "பரவால்ல மிஸ், இப்பவாச்சும் தெரிஞ்சிச்சே" என்றாள் அவள். அந்த ஆறுதலைக் கேட்டபோது எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று.

சரி, சகோதரி. எங்கே இருக்கிற சகோதரி? அகராதி காட்டிய நாடுகளே ஐந்தாறு. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் மூன்றே நாள்தான் இருந்தது.

ரயிலில் திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. ஸ்பானிஷ் பேசுகிற இருபது நாடுகளிலும் அரசாங்கம், நீதி, மரணம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அன்றாடம் கையில் புழங்குகிற அற்பச் சாமான்களுக்குத்தான் ஊருக்கு ஒரு பெயர். கையேடுகளை மொழிபெயர்க்கும்போது எனக்கு எரிச்சல் மூட்டுகிற விஷயம் அது. ஜூஸ் உறிஞ்சுகிற ஸ்ட்ரா இருக்கிறதே, அது ஸ்பெயினில் பஹீத்தா, மெக்சிகோவில் பொப்போத்தே, கொலம்பியாவில் பித்தீயோ, சிலியில் பொம்பீயா. எந்தப் பெயரைப் போட்டாலும் இன்னொரு நாட்டுக்காரன் சண்டைக்கு வருவான். இத்தனை வருஷம் என் உயிரை எடுத்த அதே தொல்லை இப்போது உதவாதா? தன் பெயரை மறந்த ஆள் ஸ்ட்ராவின் பெயரையுமா மறந்திருப்பார்?

செவ்வாய்க்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் ஒரு பை நிறையச் சாமான் வாங்கினேன். ஸ்ட்ரா, ஒரு பாக்கெட் பாப்கார்ன், ஓர் அவகாடோ. வாழைக்காயை வீட்டிலேயே அவித்து டப்பாவில் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர், "என்னக்கா, பிக்னிக்கா?" என்றார். "ஆமாண்ணே, தென்னமெரிக்காவுக்கு" என்றேன்.

முதலில் ஸ்ட்ராவை நீட்டினேன். இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை, கையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உதடு அசைந்தது.

"சொர்பேத்தே."

அடேயப்பா! மெக்சிகோ போயிற்று, கொலம்பியா போயிற்று, சிலியும் போயிற்று. பெரு, எக்குவடோர், அர்ஜெண்டினா என்று கொஞ்சம்தான் மிச்சம். அடுத்து அவகாடோவை எடுத்தேன். பெருவிலும் அர்ஜெண்டினாவிலும் இதற்குப் பால்தா என்று பெயர். அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "அகுவகாத்தே" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எக்குவடோரைத் தவிர வேறு நாடு கையில் மிஞ்சவில்லை. இருந்தாலும் சந்தேகம் தீர வேண்டாமா? பாப்கார்ன் பாக்கெட்டைப் பிரித்தேன். அவர் ஒன்றை எடுத்து, முதல் தடவையாக லேசாகச் சிரித்து, "கங்கில்" என்றார். இந்தப் பூமியில் சோளப்பொரியைக் கங்கில் என்று சொல்கிறவர்கள் எக்குவடோர்க்காரர்கள்தான்.

பாஸ்போர்ட் இல்லாத ஒரு மனிதரின் நாட்டைப் பொரி காட்டிக்கொடுத்துவிட்டது. யாரும் யோசித்துச் சொல்லாத சொற்கள், பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காத சொற்கள். மண்டையில் அடிபட்டு எல்லாம் உதிர்ந்துபோன பிறகும் இவை மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தன. நான் அந்தக் கட்டில் ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் நான் திட்டிக்கொண்டே மொழிபெயர்த்தது இதையா?

"நாடு தெரிஞ்சிருச்சு யூசுப்! எக்குவடோர்!"

"ஊரு?"

அதற்கு என் பையில் வாழைக்காய் மட்டும்தான் மிச்சம். டப்பாவைத் திறந்தேன். யூசுப் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "என்னக்கா இது, வெறும் அவிச்ச காயா? காச்சக்காரன்கூடத் திங்க மாட்டான். இருங்க." தலையணைக்குக் கீழிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தான். அவன் மனைவி ஹாஜிரா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய கடலைப்பொடி. வறுத்த நிலக்கடலையை இடித்து, உப்பும் காரமும் போட்டது. புனிதாவிடம் ஜாடையில் கேட்டேன். "கொஞ்சூண்டு குடுக்கலாம் மிஸ்" என்றாள்.

காயை நசுக்கி, மேலே பொடியைத் தூவி, ஒரு கரண்டி அவர் வாயில் வைத்தேன். மென்றார். மெல்லுவது நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"சல்பிரியேத்தா" என்றார். "சல்பிரியேத்தா, ஞாஞா."

அந்தச் சொல்லும் எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது எனக்குத் தேடத் தெரியும். எக்குவடோரின் கடற்கரையில் மானபி என்று ஒரு மாகாணம். சோளத்தையும் நிலக்கடலையையும் வறுத்து இடித்துப் பொடியாக்கி, வாழைக்காய்க்குத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். அந்த மாகாணத்துக்காரர்கள் தங்கள் சொத்துபோலச் சொல்லிக்கொள்கிற பொடி அது. நான் படித்துக் காட்டியதும் யூசுப் கையைத் தட்டினான். "அவுக ஊர்லயும் பொடியா! அல்லாவே!"

அவருக்கு இன்னொரு கரண்டி கொடுத்துக்கொண்டே, அந்தப் பேச்சையும் அழுகையையும் போனில் பதிவு செய்தேன். சாயங்காலத்துக்குள் மானபிக் கரையோரத்து வானொலி நிலையங்கள், மீனவர் சங்கங்கள், மாதா கோயில்கள் என்று எண் கிடைத்த இடத்துக்கெல்லாம் அந்தக் குரலை அனுப்பினேன். 'மலேசியாவில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை அறுவைச் சிகிச்சை. அதன்பிறகு பேச்சு இருக்குமா தெரியாது. இந்தக் குரல் யாருடைய ஞாஞாவைக் கூப்பிடுகிறது?' என்று எழுதினேன்.

புதன்கிழமை பதில் இல்லை. வியாழக்கிழமை ஒரு வானொலிக்காரர் மட்டும் 'ஒலிபரப்புகிறோம்' என்று ஒரு வரி அனுப்பினார். நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். ஏழாம் கட்டிலின் குரல் அன்றைக்கே மங்கத் தொடங்கிவிட்டது. ஞாஞா என்பது பாதியில் நின்று நின்று வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கிள்ளான் ரயிலில் இருந்தேன். பாடாங் ஜாவா நிலையத்தில் கதவு மூடும்போது போன் அடித்தது. தெரியாத நாட்டு எண்.

"ரேடியோவுல வந்த குரல் எங்க இருக்கு?" ஒரு பெண். மூச்சிரைத்ததில் சொல் சொல்லாக நிறுத்தித்தான் பேசினாள், அதனால் எனக்குப் புரிந்தது. பின்னால் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே முந்தின நாள் சாயங்காலம். "மீன் கழுவிக்கிட்டிருந்தேன். என் தம்பி கூப்பிடுற சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். வாசல்ல யாருமில்ல, ரேடியோ பேசுது."

அவள் பெயர் ஹசிந்தா. தம்பி கப்பலில் சமையல்காரர். ஒரு கப்பலிலிருந்து இறங்கி அடுத்த கப்பலுக்காகக் கிள்ளானில் காத்திருப்பதாகச் சொன்னவர், அதற்குப் பிறகு பேசவேயில்லை.

"எத்தனை நாளா என்னைக் கூப்பிடுறான்?" என்று கேட்டாள்.

மழுப்பியிருக்கலாம். மனம் வரவில்லை. "எனக்குத் தெரிஞ்சு எட்டு நாளா. முதல் நாலு நாள் அது உளறல்னு நான்தான் எழுதிட்டேன்."

பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்களை அதட்டி அடக்கினாள். பிறகு கேட்டாள்: "இப்ப உனக்கு அது புரியுதில்ல?"

"புரியுது."

"அப்ப ஓடு."

ஓடினேன். கிள்ளான் நிலையத்துப் படியில் இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நான் ஓடியதைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். எட்டரைக்கு வார்டுக்குள் நுழைந்தபோது தள்ளுவண்டியைக் கட்டிலோடு சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். "டாக்டர், அஞ்சு நிமிஷம்!" என்று கத்தினேன். கமலநாதன் என் முகத்தைப் பார்த்தார், கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார்.

போனில் வீடியோவைப் போட்டு ஏழாம் கட்டில்காரரின் முகத்துக்கு நேரே பிடித்தேன். திரையில் ஹசிந்தா. கையில் இன்னும் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"எலியோதோரோ!" என்றாள்.

அவர் கண்கள் விரிந்தன. கையைத் தூக்கித் திரையைத் தொட்டார். அவள் பேசத் தொடங்கினாள். அம்மாடி, அது என்ன பேச்சு! சொல்லுக்குச் சொல் வாலை விழுங்கி, நடுவில் பாடி, வைது, கொஞ்சி, மடமடவென்று. அவரும் திக்கித் திக்கிப் பதில் சொன்னார். அவள் ஏதோ கேட்க, அவர் தன் நெஞ்சில் கை வைத்து, "எலியோதோரோ" என்று தானே தன் பெயரைச் சொன்னார். புனிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பலகையில் இருந்த 'பெயர் தெரியாதவர்' என்பதை அழித்தாள்.

"என்ன பேசிக்கிறாங்க?" என்று டாக்டர் என் காதருகே கேட்டார்.

"தெரியல டாக்டர்" என்றேன். "எனக்கு நாலுல ஒண்ணுதான் புரியுது." சொல்லும்போது எனக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை. ஒரு மொழியின் உள்ளே இவ்வளவு பெரிய வீடு இருக்கிறது, பதினான்கு வருஷமாக நான் அதன் வாசலில் நின்றுகொண்டு எல்லாம் என்னுடையது என்று நினைத்திருக்கிறேன். கும்பிடத் தோன்றியது.

வண்டி நகர்வதற்கு முன் ஹசிந்தா என்னைக் கூப்பிட்டாள். எனக்காக நிறுத்தி நிதானமாகப் பேசினாள். "பேச்சு போயிடும்னு சொல்றாங்களா?"

"போகலாம்னு சொல்றாங்க."

"போனா போகட்டும். எங்க வீட்டுல எப்பவும் நான்தான் பேசுவேன், அவன் கேட்டுக்கிட்டிருப்பான். நீ தினமும் போனை மட்டும் பிடி."

பேச்சு போய்விட்டது. உயிர் தங்கியது. அவரை ஊருக்கு அனுப்பக் காகிதங்கள் தயாராக ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

தினமும் காலை எட்டு மணிக்கு நான் போய்ப் போனைப் பிடிக்கிறேன். யூசுப் வீட்டுக்குப் போய்விட்டான், ஊன்றுகோலோடு இரண்டு தடவை வந்து பார்த்தான். ஹசிந்தா ஊர்க்கதையெல்லாம் சொல்கிறாள். யாரோ ஒருத்தன் படகைக் கடன் வாங்கிக்கொண்டு போனதைப் பற்றியும், ஒரு பெண்ணின் கல்யாணத்தைப் பற்றியும் என்று நினைக்கிறேன், எனக்கு நிச்சயமில்லை. நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, தெரியாத சொற்களை எழுதிக்கொண்டு வருகிறேன். நேற்றுவரை நாற்பத்தொன்று.

எலியோதோரோ ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்கிறார். டாக்டர் கமலநாதன் இன்று காலை வந்து நின்று, "இவருக்கு இது வெளங்குதான்னு நமக்கு எப்படித் தெரியும், மிஸ்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் திரையில் ஹசிந்தா குரலைத் தாழ்த்தி ஏதோ கதையின் முடிவுக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் முடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே எலியோதோரோ வாய் விட்டுச் சிரித்தார்.